பதினோரு பழங்கள்

ஜனவரி 12, ஞாயிறு

கோர்ட்டில் கவுன்சிலர் மேடம் தினமும் நாலு வரி எழுதச் சொன்னார். "மனசுல இருக்கறதை அப்படியே எழுதுங்க குமணன், யாரும் படிக்கப் போறதில்லை" என்றார். யாரும் படிக்கப் போவதில்லை என்றால் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. லென்ஸ் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் சும்மா கிடந்தது, எடுத்து வந்துவிட்டேன்.

மனதில் இருப்பது இதுதான்: இன்று ஐந்து ஸ்ட்ராபெரிச் செடி வாங்கினேன்.

மகள் ஆதிரைக்காக வாங்கினேன். மாதத்தில் முதல் சனிக்கிழமையும் மூன்றாம் சனிக்கிழமையும் குடும்ப நீதிமன்றத்தின் குழந்தைகள் அறையில் இரண்டு மணி நேரம் அவளைப் பார்க்கலாம். மற்ற நாட்களில் அவள் வேளச்சேரியில் தன் அம்மா அரசியோடு இருக்கிறாள், நான் பெரம்பூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். அந்த அறைச் சுவரில் பழங்கள் படம் போட்ட அட்டை ஒன்று தொங்குகிறது. போன வாரம் அதைப் பார்த்து, "ஸ்ட்ராபெரி மரத்துல காய்க்குமா, கொடியிலயாப்பா?" என்று கேட்டாள். பன்னிரண்டு வயதுப் பெண், தொட்டதற்கெல்லாம் நெட்டில் தேடுகிறவள், என்னிடம் கேட்டாள். "வளர்த்தே காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன்.

பேப்பர் மில்ஸ் ரோட்டோரம் நர்சரி வைத்திருக்கும் கோதாவரி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது ஊட்டிச் செடி சார். மார்ச் வரைக்கும் தாங்கும். அப்பறம் உங்க சாமர்த்தியம்."

ஜனவரி 13, திங்கள்

பெயின்ட் பக்கெட்டில் ஓட்டை போட்டு, தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்து நட்டேன். காற்றில் சாய்ந்துவிடக் கூடாதே என்று நன்றாக ஆழமாகவே நட்டேன். தோசை மாவு புளித்துவிட்டது.

ஜனவரி 25, சனி

இரண்டு செடி நடுவில் அழுகிப் போயிற்று. ஓடிப் போய்க் கோதாவரி அக்காவிடம் காட்டினேன். "கழுத்து வரைக்கும் பொதைச்சா அது எப்டி சார் மூச்சு வுடும்? குருத்து மண்ணுக்கு மேல நிக்கணும். நல்லதுன்னு நெனச்சு அமுக்கிட்டீங்க" என்றார். மற்ற மூன்றையும் தூக்கி நட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பூ வந்திருக்கிறது. வெள்ளை, ஐந்து இதழ், நடுவில் மஞ்சள். மூன்றாவது மாடிக்குத் தேனீ எங்கே வரும்? லென்ஸ் தூசி தட்டும் பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு பூவிலும் மெதுவாகச் சுற்றினேன். எதிர்வீட்டு அம்மாள் துணி காயப்போடுவதை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சர்டிபிகேட் வேண்டுமாம். போர்டில் இருக்கும் எழுத்துகளைக் கடகடவென்று ஒப்பித்தார், வெளியே காத்திருக்கும்போதே மனப்பாடம் செய்திருக்கிறார். நான் பேசாமல் வேறு போர்டைத் தொங்கவிட்டேன். மூன்றாவது வரியிலேயே தடுமாறிவிட்டார். இருபது வருட அனுபவம். என்னிடம் பொய் சொல்லித் தப்பிக்க முடியாது.

பிப்ரவரி 27, வியாழன்

நான்கு பூ உதிர்ந்துவிட்டது. ஒன்று பிடித்திருக்கிறது. பழம் பாதி சிவந்துவிட்டது. சனிக்கிழமைக்குச் சரியாக இருக்கும். கொண்டு போக ஒரு டப்பாவில் பஞ்சு வைத்துத் தயார் செய்திருக்கிறேன்.

மார்ச் 1, சனி

காலையில் பார்த்தால் பாதிப் பழம்தான் இருந்தது. அணில்.

குழந்தைகள் அறையில் அவள் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பழம் வந்துச்சாப்பா?" அவள் முகத்தைப் பார்த்தேன். "வந்துச்சாவா? பதினோரு பழம்! நல்லாப் பழுக்கட்டும்னு செடியிலயே விட்டிருக்கேன்" என்றேன். பதினொன்று எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது. பத்து என்றால் நம்பும்படி இருக்காது என்று நினைத்திருப்பேன்.

குழந்தைதானே. சந்தோஷப்பட்டாள். அதிலென்ன தப்பு?

மார்ச் 20, வியாழன்

செடிகள் பக்கவாட்டில் நூல்போல நீளமாக ஏதோ விடுகின்றன. சத்தையெல்லாம் இது தின்றுவிடும், வெட்டினால்தான் பழம் வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னான். ஆறை வெட்டினேன்.

மார்ச் 23, ஞாயிறு

கோதாவரி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா சார் நீங்க! அது ஓடுகொடி. அதோட முனையிலதான் குட்டிச்செடி வரும். வெயில் ஏறிடுச்சுன்னா பழம் வராது, கொடிதான் ஓடும். தாயி செத்தாலும் குட்டி பொழைக்கும். வெட்டாதீங்க."

பழம் வராது என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். நான் ஆதிரையிடம் பதினொன்று சொல்லியிருக்கிறேன்.

மீதியிருந்த கொடிகளைத் தயிர் டப்பாக்களில் மண் போட்டு அதன்மேல் படரவிட்டேன். கணு மண்ணை விட்டு எழும்பாமல் இருக்கக் கொண்டை ஊசியை வளைத்துக் குத்த வேண்டும். அலமாரி டிராயரில் ஏழு கொண்டை ஊசி கிடந்தது. யாருடையது என்று எழுத வேண்டியதில்லை.

ஏப்ரல் 2, புதன்

புதன்கிழமை பத்து நிமிடம் போனில் பேசலாம் என்று உத்தரவு. ஆதிரை செடியின் போட்டோ கேட்டாள். பின்னணியில் பால்கனி, சிவக்கச் சிவக்கப் பழம், நெட்டில் ஒன்று நன்றாகக் கிடைத்தது. அனுப்பினேன். அவள் இதயம் போட்டுப் பதில் அனுப்பினாள்.

ஏப்ரல் 9, புதன்

இன்று கோர்ட்டில் இருந்தேன். கோடை விடுமுறையில் மே 5 முதல் 9 வரை ஐந்து நாள் ஆதிரை என் வீட்டில் தங்கலாம் என்று நீதிபதி உத்தரவிட்டார். ஜூன் 11ஆம் தேதி அவளைத் தனியே கூப்பிட்டு, அப்பா வீட்டுக்குத் தொடர்ந்து போக இஷ்டமா என்று கேட்பாராம். அவள் சொல்வதை வைத்துத்தான் மேற்கொண்டு முடிவு.

ஐந்து நாள். மூன்று வருடத்தில் சேர்ந்தாற்போல அவ்வளவு நேரம் அவளோடு இருந்ததில்லை. அந்த ஐந்து நாளில் ஒரு குறையும் இருக்கக் கூடாது. படியிறங்கி வரும்போது அரசி முன்னால் போய்க்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ்ப் புத்தாண்டு. எதிர்வீட்டு அம்மாள் மாங்காய்ப் பச்சடி கொடுத்தார். "தனியாவா இருக்கீங்க தம்பி?" என்றார். "இல்லைங்க, பொண்ணு வரா" என்றேன். பொய்யில்லை. இன்னும் மூன்று வாரத்தில் வருகிறாள்.

தாய்ச்செடிகளின் இலை ஓரமெல்லாம் கருகுகிறது. டப்பாவில் இருக்கும் குட்டிகளை லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்தால் கையோடு வரக் கூடாது, வேர் பிடித்திருந்தால் எதிர்த்து நிற்கும். அப்போது கொடியை வெட்டிவிடலாம். இன்று ஐந்து எதிர்த்து நின்றன, வெட்டினேன். இரண்டு கையோடு வந்துவிட்டன. இதில் தத்துவம் எதுவும் இல்லை, கவுன்சிலர் மேடம்.

ஏப்ரல் 16, புதன்

டப்பாக்கள் ஐந்தையும் படுக்கையறைக்குக் கொண்டுபோய் ஜன்னலோரம் வைத்து ஏசி போட்டுவிட்டேன். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரையே பிடித்து ஊற்றுகிறேன். கதவைத் திறந்து மூடினால் குளிர் போய்விடும் என்று நான் ஹாலில் பாய் போட்டு ஃபேன் காற்றில் படுக்கிறேன். கடையில் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் சொல்லவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

நேற்றுச் சந்திப்பு. கிளம்பும்போது ஆதிரை, "வந்ததும் நானே என் கையால பறிப்பேன்" என்றாள். "உனக்காகத்தானே விட்டு வச்சிருக்கேன்" என்றேன்.

கவுன்சிலர் மேடம் தனியாகக் கூப்பிட்டு, மாமா விஷயத்தைப் பற்றி எழுதினேனா என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன். இதோ எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் அரசிக்குத் தலைமையாசிரியர் வேலைக்கு இன்டர்வியூ. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அம்பாசமுத்திரத்திலிருந்து அவள் அப்பா எனக்குப் போன் செய்தார். உடம்பு சரியில்லை, அரசியைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்றார். நான் அரசியிடம் சொல்லவில்லை. எட்டு வருடம் படித்துக் காத்திருந்த இன்டர்வியூ, கெட்டுவிடக் கூடாதே என்றுதான் சொல்லவில்லை. மறுநாள் அவர் இறந்துவிட்டார். யார்தான் எதிர்பார்த்தார்கள்? எல்லாம் நல்லதுக்கு என்று செய்ததுதான்.

எழுதிவிட்டேன். போதும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

தாய்ச்செடி மூன்றும் போய்விட்டன. இலை தொட்டால் பொடியாகிறது. அறையில் ஐந்து குட்டிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். பழத்துக்கு அடையாளமே இல்லை.

மே 4, ஞாயிறு

இன்று கத்திரி வெயில் ஆரம்பம். அண்ணா நகரில் நான்கு கடை ஏறி இறங்கி ஒரு டப்பா ஸ்ட்ராபெரி வாங்கினேன். எங்கிருந்தோ விமானத்தில் வந்த பழம். எட்டு இருந்தது. மீதி மூன்றை அணில் தின்றுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

நூலில் கட்டினால் தெரிந்துவிடும். கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவிடம் கொஞ்சம் வாழைநார் கேட்டேன். "எத்தினி மொழம் கட்டணும் தம்பி?" என்றார். பூவெல்லாம் இல்லை என்றேன். நாரை நனைத்துக் கிழித்தால் நூலைவிட மெல்லிசாக வருகிறது, காம்போடு ஒட்டிக்கொள்கிறது. அந்த அம்மா கட்டுவதைப் பார்த்து, அதே மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே வாங்கி இறுக்கினேன். எட்டுப் பழம், ஐந்து செடி. பாரம் தாங்காமல் செடிகள் சாய்ந்தன, டப்பாவைச் சுவரோடு முட்டுக்கொடுத்து வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். நம்பலாம்போலத்தான் இருக்கிறது.

மே 5, திங்கள்

வந்துவிட்டாள். அரசி ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தாள், மேலே வரவில்லை.

ஆதிரை வளர்ந்துவிட்டாள். கோர்ட் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தே பார்ப்பதால் எனக்கு உயரம் தெரியவில்லை, வாசல் நிலையில் நின்றபோதுதான் தெரிந்தது. வீட்டை ஒவ்வோர் அறையாகச் சுற்றிப் பார்த்தாள். எதுவும் மாறவில்லை என்றாள்.

செடியைக் காட்டினேன். "ஐயோ, சூப்பர்ப்பா!" என்று குனிந்து உட்கார்ந்தாள். எனக்கு முதுகைக் காட்டியபடி நிதானமாக ஒவ்வொன்றாகப் பறித்தாள். எட்டையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள், ஒன்றில்கூட நார் இல்லை. என் முடிச்சு அவ்வளவு லேசாக அவிழ்ந்துவிட்டதா என்று ஆச்சரியமாக இருந்தது. ஆளுக்கு நான்கு சாப்பிட்டோம். புளித்தது. "ரொம்ப இனிப்பா இருக்குப்பா" என்றாள்.

இந்த வருடத்தில் இன்றுபோல ஒரு நாள் இல்லை.

மே 6, செவ்வாய்

கடைக்கு லீவு போட்டுவிட்டேன். ஆதிரைக்கு முட்டைதோசை பிடிக்கும் என்று நினைத்திருந்தேன், இப்போது முட்டை வாடை ஆகாதாம். "பரவாயில்லப்பா, சாப்பிடறேன்" என்று சாப்பிட்டாள்.

மே 7, புதன்

காலையில் குப்பை வண்டி வரும் நேரம். மக்கும் குப்பையைப் பிரித்துப் போடும்போது டிஷ்யூ பேப்பரில் மடித்த ஒரு சின்னப் பொட்டலம் கையில் பட்டது. பிரித்தேன். எட்டு வாழைநார்த் துண்டுகள். ஒன்றையும் பிய்த்திருக்கவில்லை, முடிச்சை நகத்தால் பொறுமையாக அவிழ்த்து, சுருட்டி, மடித்து, தேங்காய் ஓட்டுக்கு அடியில் வைத்திருக்கிறாள். நான் பார்த்துவிடக் கூடாது என்றுதான்.

வண்டி போய்விட்டது. குப்பைக் கூடையோடு படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அரசி போன் செய்தாள். ஆதிரை பால்கனியில் நின்று பேசினாள். நான் சமையலறையில் இருந்தேன், கேட்டது.

"ஆமாம்மா, செடியில இருந்தேதான்... எட்டு... நிஜமாத்தாம்மா, என் கையால பறிச்சேன். போட்டோல வந்த அதே செடிதான்."

குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை, நடுநடுவே சிரிப்பு வேறு. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல், என்னுடைய குரல்.

மே 8, வியாழன்

இதை விடாமல் எழுத வேண்டும்.

காலையில் அவள் டேப்லெட்டில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"ஆதி, அந்தப் பழம் கடையில வாங்கினது."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும்ப்பா."

"எப்போ தெரியும்?"

"பார்த்ததுமே. செடி இத்துனூண்டு இருக்கு, பழம் அவ்ளோ பெரிசு. அந்த போட்டோவும் உங்களுது இல்லைன்னு தெரியும். நம்ம பால்கனில கம்பி இருக்கும், அதுல இல்லை."

"பதினோரு பழம்னு சொன்னது?"

"அப்பவே தெரியும். நிஜமாவே பழம் இருந்திருந்தா நீங்க ஒண்ணாவது எனக்குக் கொண்டாந்திருப்பீங்க."

"ஏம்மா சொல்லலை?" என்றேன்.

"பாவமா இருந்துச்சு."

"அம்மாகிட்ட ஏன் அப்படிச் சொன்னே?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சா, 'பாரு, இன்னும் மாறலை'ன்னு சொல்வாங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுல்ல? நல்லதுக்குத்தான் சொன்னேன்."

நல்லதுக்குத்தான். அவளுக்கு நான் இதைத்தான் கொடுத்திருக்கிறேன். வேறு எதையும் கொடுக்க எனக்குக் கோர்ட்டில் நேரம் கொடுக்கவில்லை என்று இத்தனை நாள் புலம்பிக்கொண்டிருந்தேன். மாதம் நாலு மணி நேரம் தாராளமாகப் போதுமாயிருந்திருக்கிறது.

அப்புறம் தாத்தா விஷயத்தைச் சொன்னேன். ஏப்ரலில் இங்கே எழுதியது முழுக்க உண்மையில்லை. நான் அரசியிடம் சொல்லாமல் இருந்தேன் என்பது பாதிதான். மாமா போனில் "அரசியக் கொஞ்சம் வரச் சொல்லுங்க மாப்ளே" என்றபோது நான், "அவ கிளம்பிட்டா மாமா, நெல்லை எக்ஸ்பிரஸ்ல வரா" என்றேன். அவர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று சொன்னேன். அவர் தூங்கவில்லை. விடிந்ததிலிருந்து, வண்டி வந்திருச்சா, வண்டி வந்திருச்சா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இன்டர்வியூ முடிந்து வெளியே வந்த அரசிக்கு அவள் அண்ணன் போன் செய்து சாவுச் செய்தி சொன்னார். துக்க வீட்டில் எல்லோரும் அவளைக் கேட்டார்கள், "கிளம்பிட்டேன்னு சொன்னியாமே, எங்க போன?" என்று. அப்போது அரசி என்னைப் பார்த்தாள். நான் அங்கேயும், "எனக்குப் போனே வரலை" என்று சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஆதிரையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இதை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. ஆதிரையிடம் சொன்னேன்.

"தாத்தா எவ்ளோ நேரம் காத்துக்கிட்டு இருந்தாங்க?"

"மத்தியானம் வரைக்கும்."

அவள் அழுதாள். தோளைத் தொடப் போனேன், நகர்ந்துகொண்டாள்.

"இனிமே எனக்காகப் பொய் சொல்லாத கண்ணு. ஜட்ஜ்கிட்டயும் சொல்லாத. உனக்கு என்ன தோணுதோ அதை மட்டும் சொல்லு. எனக்கு என்ன ஆகும்னு யோசிக்காத."

எழுந்து அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை, ஆனால் சாப்பாட்டுக்கு மட்டும்தான் வெளியே வந்தாள்.

மே 9, வெள்ளி

அரசி வந்தாள். கீழே ஆட்டோ அருகில் நின்று சொன்னேன். "செடியில பழம் காய்க்கவே இல்லை, கடையில வாங்கிக் கட்டி வச்சேன். ஆதி எனக்காகத்தான் உன்கிட்ட அப்படிச் சொன்னா, அவளைத் திட்டாத. மாமா கேட்டதுக்கு நான் என்ன சொன்னேன்னு அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நல்லதுக்குன்னு சொல்லலை, தப்புன்னு சொன்னேன். உன்கிட்டயும் சொல்றேன், தப்புதான்."

அரசி மன்னிப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. "சரி" என்றாள்.

ஒரு டப்பாச் செடியை ஆதிரையிடம் நீட்டினேன். "வேண்டாம்ப்பா, எங்க வீட்ல ஏசி இல்லை, செத்துடும்" என்றாள். வண்டி போயிற்று. எதிர்வீட்டு அம்மாள் பால்கனியிலிருந்து, "பொண்ணு கிளம்பிடுச்சா?" என்றார். "கிளம்பிடுச்சு" என்றேன்.

மே 18, ஞாயிறு

விடுமுறையில் தங்கியதால் ஜூன் 11 வரை சனிக்கிழமைச் சந்திப்பு கிடையாது. புதன்கிழமை போனில், ஸ்கூல் எப்போது திறக்கிறது, வெயில் எப்படி என்று பேசினோம். ஐந்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிட்டது.

மே 26, திங்கள்

மழை தூறியது. பாயைச் சுருட்டிவிட்டு அறையில் படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. பாயை மறுபடி ஹாலில் விரித்தேன். வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது.

ஜூன் 11, புதன்

பதினொன்றே காலுக்கு ஆதிரையை நீதிபதியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். பெஞ்சின் ஒரு முனையில் நான், மறுமுனையில் அரசி. இருபது நிமிடம். கடைசிவரை சுவரில் இருந்த நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை.

வெளியே வந்தவள் நேராக அம்மாவிடம் போவாள் என்று நினைத்தேன். என்னிடம் வந்தாள். எதிரே நின்றாள், உட்காரவில்லை.

"அப்பா, வீட்டுக்கு இப்போதைக்கு வரலைன்னு சொல்லிட்டேன்."

நான் தலையை ஆட்டினேன்.

"தாத்தாவை நினைச்சுக்கிட்டே இருக்கேன். உங்க வீட்டுக்கு வந்தா அதுதான் ஞாபகம் வரும். சனிக்கிழமை மட்டும் இங்கயே பார்க்கறேன்னு சொன்னேன்."

"சரிம்மா."

"கோவமா?"

சேச்சே, எனக்கென்னடா கோவம், அப்பா ஜாலியா இருக்கேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், எதிரே இருக்கிறவருக்குப் போர்டில் எந்த வரிவரை தெரிகிறது என்று பார்க்கிறவள்போல.

"கோவம் இல்லை. ரொம்ப வருத்தமா இருக்கு. நீ வருவேன்னு நினைச்சேன்" என்றேன்.

"எனக்கும் வருத்தமாத்தாம்ப்பா இருக்கு" என்றாள். பாவமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. பிறகு அம்மாவிடம் போனாள். இரண்டு பேரும் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் சனிக்கிழமை இருபத்தொன்றாம் தேதி வருகிறது. இன்னும் பத்து நாள் இருக்கிறது.